வீட்டுப்பாடத்தை டைரிக்கே திருப்பிக் கொடுங்கள்: பள்ளி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். நான் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். என் மாமியார், அதாவது பிள்ளைகளின் ஆச்சி, எங்களோடு இருக்கிறார். காலையில் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் வேன்களில் நாலைந்து பள்ளிகளின் பெயர் இருக்கிறது. அந்த வேன்களில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பும் அம்மாமார் எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். அதனால்தான் இதை எங்கள் பள்ளிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். கடைசி மணி அடிப்பதற்குள் அதைப் பிள்ளையின் கையாலேயே டைரியில் எழுதவையுங்கள். இதற்குப் பணம் செலவாகாது, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், டைரி ஏற்கெனவே இருக்கிறது, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகங்களோடு சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு நீங்களே கொடுத்ததுதான். எங்கள் மகனின் டைரியை நேற்று புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, வேன் எண் எல்லாம் இருக்கிறது. அதற்கப்புறம் ஜூன் மாதத்தில் சில பக்கங்கள், மற்றதெல்லாம் வெறுமை.

எங்கள் வீட்டு மாலைப் பொழுது எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கேளுங்கள். பிள்ளைகள் நாலரைக்கு வந்துவிடுகிறார்கள். முகம் கழுவி, எதையாவது தின்று, விளையாடிவிட்டு உட்கார்ந்தால் படிக்கலாம், ஆறிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். என்ன வீட்டுப்பாடம் என்று ஆச்சி கேட்டால் “இன்னும் குரூப்ல வரல ஆச்சி” என்கிறார்கள். குரூப் என் போனில் இருக்கிறது. போன் என்னோடு கடையில் இருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழேகால். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கைகள் என் கைப்பையை நோக்கி நீள்கின்றன, “அம்மா, போன்.” பகல் முழுக்கப் பார்க்காத பிள்ளைகள் என்னிடம் பேசும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அவர்களுடைய நாளைய பாடம் அந்தப் பைக்குள் இருக்கிறது, அவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?

அந்த நேரத்திலும் எல்லாம் வந்திருக்காது. கணக்கு வந்திருக்கும், அறிவியல் எட்டு மணிக்கு வரும், “நாளைக்கு மஞ்சள் சார்ட் பேப்பர் கொண்டுவரவும்” என்பது ஒன்பது மணிக்கு மேல் வரும், தெருவில் கடை அடைத்த பிறகு. வருவது பெரும்பாலும் கரும்பலகையைப் பிடித்த படம். டியூப்லைட் வெளிச்சம் பட்டு நடுவில் நாலு வரி வெள்ளையாகிவிட்டிருக்கும், கடைசிக் கணக்கில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அதற்குக் கீழே வரிசையாக “ஓகே மேம்”, “நோட்டட் மேம்”, கும்பிடும் கைகள், யாரோ ஒரு அப்பா தெரியாமல் போட்ட இனிய இரவு வணக்கம். அதை எல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய்ப் படத்தைக் கண்டுபிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு வரி எழுதி, மறுபடி நகர்த்தி, அடுத்த வரி எழுதி, மகள் இப்படித்தான் வீட்டுப்பாடம் செய்கிறாள். நடுவில் திரை இருண்டுவிடும், என்னைக் கூப்பிட்டு மறுபடி திறக்கச் சொல்வாள். நடுவில் ஊரிலிருந்து என் தம்பி கூப்பிடுவான். நடுவில் மேலிருந்து ஏதோ ஓர் அறிவிப்பு இறங்கும், கட்டைவிரல் ஒரு நொடி அதன் மேல் நிற்கும், அப்புறம் ஒரு குட்டி வீடியோ ஓடும், அது முடிந்தால் அடுத்தது தானாகவே வரும். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கணக்கு நோட்டு மடியில் திறந்தே இருக்கும், பேனாவும் கையில் இருக்கும், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். பையன் பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருப்பான். காத்திருக்கும் நேரத்தில் அவனும் எட்டிப் பார்ப்பான்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், போனில் பூட்டுப் போட வேண்டும். போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் இதையேதான் மேடையில் வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். செல்போன் குழந்தையின் கவனத்தைச் சிதறடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், கண்ணுக்கு ஆகாது, வீட்டில் போன் இல்லாத நேரம் என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் சரிதான், ஒரு வார்த்தைகூட மறுப்பதற்கில்லை. அன்றைக்கு ராத்திரி எட்டரை மணிக்கு அதே பள்ளியின் குரூப்பில் ஆங்கிலப் பாடத்தின் பிடிஎஃப் வந்தது. உங்கள் பள்ளி வளாகத்துக்குள் பிள்ளை செல்போன் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டு பெற்றோரை வரச்சொல்கிறீர்கள், அந்த விதியை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் உங்கள் வாசலில் தடைசெய்த பொருளை எங்கள் வாசலுக்குள் கட்டாயமாக்கியதும் நீங்கள்தானே? எங்கள் வீட்டில் போன் இல்லாத நேரம் ஒன்று வைக்க நானும் ஆசைப்படுகிறேன். எந்த நேரத்தில் வைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.

இது எப்படி வந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளிகள் மூடின. அப்போது வேறு வழி இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது, தனியார் பள்ளிகள் வாட்ஸ்அப்பையும் ஆன்லைன் வகுப்பையும் பிடித்துக்கொண்டன. மகள் அப்போது சின்ன வகுப்பு. அவளுடைய மிஸ் தன் வீட்டுச் சமையலறைக் கதவில் தாளை ஒட்டி, அதில் எழுதி எழுதிப் பாடம் நடத்தியதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். அந்த நாட்களில்கூட ஓர் அளவு வைத்தார்கள். 2020 ஜூலையில் மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்ற பெயரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு ஆன்லைன் வகுப்புகளுக்கு மேல் கூடாது என்று இருந்தது. பள்ளியே மூடிக் கிடந்த காலத்துக்குப் போட்ட அளவு அது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளும் திறந்தன. பிள்ளைகள் திரும்ப வகுப்பறைக்குப் போனார்கள், கரும்பலகை திரும்ப வந்தது, டீச்சர் நேரில் நிற்கிறார். ஆனால் ஊரடங்குக்காகக் கொண்டுவந்த குரூப்பை மட்டும் யாரும் திருப்பி எடுத்துவைக்கவில்லை. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவாக இது எனக்குத் தோன்றவில்லை, பழகிப் போனது, அப்படியே நிலைத்துவிட்டது.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன்.

டைரி பிள்ளையின் பையில் இருந்தது. அதில் எழுதுவது பிள்ளை, எழுதத் தவறினால் அடி வாங்குவதும் பிள்ளை (அடி இப்போது கூடாது, அது நல்லதுதான்). வகுப்பில் மிஸ் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்டால்தான் எழுத முடியும். இப்போது மகளிடம் “மிஸ் வகுப்பில் சொல்லும்போது நீ குறித்துக்கொள்ளலாமே” என்றால் “அதான் குரூப்ல போடுவாங்களேம்மா” என்கிறாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. கேட்கவும் வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், குறித்துக்கொள்ளவும் வேண்டாம், எல்லாம் அம்மாவின் போனுக்கு வந்து சேரும். பதின்மூன்று வயதுப் பெண் தன் நாளைய வேலையைத் தானே தெரிந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு, ஒரு வரிகூட விவாதிக்காமல், அவள் கையிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் குரூப்பில் “பெற்றோர் கவனிக்கவும்” என்று எனக்கு வருகிறது. பாடம் படிப்பது அவளா, நானா?

இன்னொன்று. டைரியை வீட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எங்கள் ஆச்சி அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி. கணக்கில் கெட்டி, வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்வார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஊரடங்குக்கு முன்னால் மகள் சின்ன வகுப்பில் படித்தபோது மாலையில் விளக்கேற்றியதும் ஆச்சிதான் டைரியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, ஒவ்வொன்றாக எழுதவைப்பார். நான் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், கையெழுத்துப் போடுவது மட்டும்தான் என் வேலை. இப்போது ஆச்சி அதே முன்னறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள், நேரமும் இருக்கிறது, பாடம் மட்டும் இல்லை. அது வண்ணாரப்பேட்டையில், நான் வேலை பார்க்கும் கடையில், என் கைப்பையில் இருக்கிறது. நான் வந்து போனைக் கொடுத்த பிறகும் அந்தச் சின்னத் திரையில் அவருக்குக் கண் தெரியவில்லை, எழுத்தைப் பெரிதாக்கப் போனால் வேறு எங்கோ போய்விடுகிறது, இரண்டொரு தடவை யாருக்கோ போன் போய்விட்டது. “எனக்கு எதுக்குத்தா அது, நீயே பாரு” என்று ஒதுங்கிவிட்டார். பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒரு மனுஷியை, அவர் வீட்டிலேயே, பார்வையாளராக உட்காரவைத்துவிட்டோம். எனக்கு இந்த விஷயத்தில் வேறு எதைவிடவும் இதுதான் வலிக்கிறது. ஆச்சி, தாத்தா, சித்தி, காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு பிள்ளையின் படிப்பில் கைவைக்க எத்தனையோ பேர் இருந்தார்கள். போன் என்பது ஓர் ஆளுடையது, அதற்குள் பாடத்தை வைத்தால் அந்த ஆள் மட்டும்தான்.

அந்த ஓர் ஆள் யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குரூப்பில் இருப்பது பெரும்பாலும் அம்மாதான். அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் அவர் வேலைக்குப் போய்விடுவார், ராத்திரிதான் வருவார் என்று அம்மாவின் எண்ணைக் கொடுக்கிறோம். அம்மாவும் வேலைக்குப் போகிறாள் என்பது கணக்கில் வருவதே இல்லை. பில் போடும்போது போன் அதிர்ந்தால் எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தால் முதலாளி முகம் மாறுகிறது, பார்க்காமல் விட்டால் நாளைக்குப் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டிலாவது ஆளுக்கொரு போன் இருக்கிறது. மேலப்பாளையம் பக்கம் என்னோடு கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் அக்கா வீடு இருக்கிறது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டிக்கொண்டே இருப்பார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கை நின்றால் காசு நின்றுவிடும். மூன்று பிள்ளைகள். கடன் வாங்கித்தான் மெட்ரிக் பள்ளியில் சேர்த்திருக்கிறார். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது அவர் வீட்டுக்காரரோடு லாரியில் நாமக்கல்லுக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று “அக்கா, குரூப்ல என்ன வந்திருக்கு?” என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த வீட்டில் விருந்தாள் வந்திருந்தால் திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரிய பையனுக்கு இப்போது கேட்கவே கூச்சமாக இருக்கிறதாம், போவதில்லை.

இது ஒரு தெருவின் கதை என்று விட்டுவிடாதீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஏசர் கல்விநிலை அறிக்கை நாட்டின் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது: வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பது 2018இல் 36.5 சதவீதமாக இருந்தது, 2021இல் 67.6 சதவீதமாகிவிட்டது. ஆனால் போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிலேயே கால்வாசிப் பேருக்கு மேல் அது கைக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் போன் இருப்பது வேறு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் போன் இருப்பது வேறு. விண்ணப்பத்தில் ‘வாட்ஸ்அப் எண்’ என்ற கட்டத்தை நிரப்பி வாங்கிவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

சரி, வீட்டுப்பாடத்தின் அளவையும் பேசிவிடுவோம், ஏனென்றால் வாட்ஸ்அப் வந்த பிறகுதான் இது கூடிப்போனது. டைரியில் எழுத வேண்டுமென்றால் வகுப்பு முடிவதற்குள் எழுதவைக்க வேண்டும், இடம் கொஞ்சம்தான், நேரமும் கொஞ்சம்தான், அதனால் பாடமும் அளவாக இருந்தது. போனில் அனுப்புவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை என்ற பேச்சே கிடையாது, ஒன்பது மணிக்கு ஞாபகம் வந்தாலும் ஒன்று அனுப்பலாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளை வீட்டுப்பாடத்தால் நசுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது, ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம், 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், 6 முதல் 8 வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்கு 2 மணி நேரம் என்று அளந்து கொடுத்திருக்கிறது. கவனியுங்கள், மூன்றாம் வகுப்புக்கு வாரத்துக்கு 2 மணி நேரம். என் மகனுக்குத் திங்கள், செவ்வாய்க்குள் அது தீர்ந்துவிடுகிறது. அது மத்தியக் கொள்கை, நாங்கள் மாநிலப் பாடத்திட்டம் என்று நீங்கள் சொல்லலாம். எட்டு வயதுப் பிள்ளையின் தூக்கம் எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது?

அந்த வீடியோக்கள் இன்னும் மோசம். மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது, “பிள்ளை பாடலைச் சொல்லும் வீடியோவை நல்ல பின்னணியில் எடுத்து அனுப்பவும்.” எங்கள் வீட்டில் எந்தச் சுவரில் ஆணியும் காலண்டரும் துணிக்கொடியும் இல்லாமல் இருக்கிறது? ஒரு கதவில் என் சேலையைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் மகனை நிறுத்தி, சீருடை போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு எடுத்தோம். முதலில் நன்றாகத்தான் சொன்னான், நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டது. மறுபடி எடுத்தால் ஒரு வரியை விட்டுவிட்டான். மறுபடி எடுத்தால் கை கட்டவில்லை. கடைசியில் அழுதுவிட்டான், நானும் சத்தம் போட்டுவிட்டேன், அவன் அப்பா என்னைச் சத்தம் போட்டார். ராத்திரி ஒன்பதரைக்கு மூன்று பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அதே பாட்டை முந்தின நாள் ஆச்சியின் மடியில் படுத்துக்கொண்டு, தப்பில்லாமல், ராகம் போட்டுச் சொன்னவன் அவன். அவன் மிஸ்ஸுக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் காலையில் வகுப்பில் ஒரு நிமிடம் எழுப்பி நிறுத்தினால் போதுமே. குரூப்பில் வீடியோ போய் விழுந்ததும் இன்னொரு வீட்டில் விளக்கெல்லாம் வைத்து எடுத்த வீடியோ அதற்கு மேல் வந்து நிற்கிறது, அதற்கு ஏழெட்டு கைதட்டல், எங்கள் பையனுக்கு ஒன்றும் இல்லை. அவன் அதையும் பார்க்கிறான்.

உங்கள் ஆசிரியர்களுக்காகவும் இதைக் கேட்கிறேன். எங்கள் தெருவில் வேறொரு பள்ளியின் டீச்சர் குடியிருக்கிறார். மூன்று வகுப்புகளின் குரூப்பில் அவர் இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன் என்று மூன்று வகுப்புக்கும் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அப்புறம் பெற்றோர் ஆரம்பிக்கிறார்கள், “மேம், மூன்றாவது கணக்கு புரியவில்லை”, “மேம், நாளைக்கு யூனிஃபார்மா கலர் டிரெஸ்ஸா?”, “மேம், என் பிள்ளைக்கு ஏன் அரை மார்க் குறைந்தது?” பத்தரை மணிக்கும் வருகிறது. படித்துவிட்டார் என்று நீல டிக் காட்டிக் கொடுத்துவிடுகிறது, பதில் போடாவிட்டால் மறுநாள் உங்களிடம் புகார் வருகிறது. அவருக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, யுகேஜி படிக்கிறது, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்கிறது. சம்பளம் நாலு மணி வரைக்கும்தானே கொடுக்கிறீர்கள்? டைரியில் எழுதவைத்துவிட்டால் அவர் வேலை பள்ளியிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் எங்கள் எண்கள். ஒரு வகுப்பு குரூப்பில் சேர்த்தால் நாற்பது வீட்டுக்கு என் எண் தெரிந்துவிடுகிறது. பெயரும் படமும் சேர்ந்தே தெரிகிறது. நள்ளிரவில் “ஹாய்” வந்த அம்மாமார் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். அவர்கள் வெளியில் சொல்வதில்லை, வீட்டில் சொன்னால் போனையே பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். குரூப்பை விட்டு விலகவும் முடியாது, பாடம் அங்கேதான் வருகிறது. அறிவிப்பு மட்டும் சொல்லும் கம்யூனிட்டி முறை வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, அதில் மற்ற பெற்றோருக்கு நம் எண் தெரியாது, அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும். அலுவலகத்தில் கணினி பார்க்கும் பையனிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். கட்டணப் பாக்கி உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுக் குரூப்பில் போடும் வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. அதைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அடுத்த நாள் வேனில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். நாளைக்கே நிறுத்துங்கள்.

பெற்றோரே குரூப் வேண்டும் என்கிறார்கள், அது இல்லாவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், அதுவும் பொய்யில்லை. பிள்ளை எழுதிக்கொண்டு வந்தது சரியா என்று நம்பிக்கை இல்லாத பெற்றோர் நிறையப் பேர். ஆனால் அவர்களை அப்படிப் பழக்கியதும் இந்தக் குரூப்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் மாதம் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவான், பக்க எண்ணை மாற்றி எழுதுவான், ஒரு பாடத்தை விட்டுவிடுவான். ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் போவதால் அவன் வாழ்க்கை கெட்டுவிடாது. இரண்டாம் மாதம் சரியாக எழுதுவான். அந்த ஒரு மாதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல உங்களால்தான் முடியும், என்னால் முடியாது.

குரூப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை விடுமுறை, வேன் பஞ்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், தேர்வுத் தேதி மாற்றம், இதற்கெல்லாம் அதைவிட வசதியானது எதுவும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது யார் வீட்டில் தண்ணீர், யார் மாடியில் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டது எங்கள் வகுப்பு குரூப்பில்தான், மின்சாரமும் டவரும் போகும் வரைக்கும் அது எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. அவசரத்துக்கு அது இருக்கட்டும். தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை அவசரம் என்று ஆக்கிவிட்டதால் இப்போது உண்மையான அவசரச் செய்தியைக்கூடப் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

ஆகவே, நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கடைசிப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடத்தை டைரிக்கு ஒதுக்குங்கள், வகுப்பு ஆசிரியர் அன்றைய எல்லாப் பாடத்தையும் கரும்பலகையின் ஓர் ஓரத்தில் எழுதட்டும், பிள்ளைகள் பார்த்து எழுதட்டும், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் டீச்சர் ஒரு தடவை பார்த்து இனிஷியல் போடட்டும். ஒர்க்‌ஷீட் கொடுப்பதென்றால் பள்ளியிலேயே அச்செடுத்துக் கொடுங்கள். இப்போது நாங்கள் ராத்திரி ஜெராக்ஸ் கடை தேடி ஓடி, கலர் பிரின்ட் பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து எடுக்கிறோம், அந்தப் பணத்தை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டாலும் சந்தோஷம்தான். ஆறு மணிக்கு மேல் குரூப்பில் எதுவும் வேண்டாம், மழையும் காய்ச்சலும் தவிர. வீடியோ வேலை வேண்டவே வேண்டாம். விடுப்பு எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம், அல்லது மறுநாள் நண்பனின் டைரியைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், நாம் எல்லோரும் அப்படி எழுதி வளர்ந்தவர்கள்தானே.

ஒரே நாளில் பள்ளி முழுக்க மாற்றத் தயக்கமாக இருந்தால் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் ஜூனில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வு வரைக்கும் நடத்திப் பாருங்கள். அதன் பிறகு அந்த வகுப்புகளின் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு தாளில் கருத்துக் கேளுங்கள், பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்த மடலை அச்செடுத்து எங்கள் பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்போகிறேன், எங்கள் தெருவில் கையெழுத்துப் போட விரும்பும் அம்மாமாரின் கையெழுத்தும் அதில் இருக்கும். உங்கள் ஊரில் உங்கள் பள்ளிக்கு இதைக் கொண்டுபோக விரும்பும் பெற்றோர் தாராளமாக அச்செடுத்துக் கொள்ளலாம், மாற்றி எழுதிக்கொள்ளலாம், என்னிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
பாளையங்கோட்டை.